சொட்டுக் கணக்கு
நர்ஸ் படிப்புக்கு முன் படிக்க வேண்டியவை

இரவு எட்டு மணி. அரசு மருத்துவமனை. பெண்கள் வார்டு.

கட்டிலில் ஒரு பாட்டி படுத்திருக்கிறார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. உடம்பில் நீர் வற்றிவிட்டது. அவர் கையில் ஊசி குத்தியிருக்கிறது. ஊசியோடு ஒரு மெல்லிய குழாய். குழாயின் மேல்முனையில் சலைன் பாட்டில் தொங்குகிறது.

பக்கத்தில் மருமகள் உட்கார்ந்திருக்கிறார். அவர் கட்டட வேலை செய்பவர். எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து, வளர்ந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றவர். அவருடைய மகளும் உடன் இருக்கிறாள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருக்கிறாள்.

நர்ஸ் வருகிறார். குழாயை உற்றுப் பார்க்கிறார். கைக்கடிகாரத்தையும் பார்க்கிறார். அவர் உதடுகள் அசைகின்றன. ஏதோ எண்ணுகிறார். பிறகு குழாயில் உள்ள சிறு சக்கரத்தைக் கொஞ்சம் திருப்புகிறார்.

“என்ன எண்ணுறீங்க சிஸ்டர்?” என்று சிறுமி கேட்டாள்.

“சொட்டை எண்ணுறேன்மா. ஒரு நிமிஷத்துக்கு 42 சொட்டு விழணும்.”

“வேகமா விட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே?” என்று தாய் கேட்டார்.

“அப்படி விடக்கூடாதும்மா. பாட்டிக்கு வயசாயிடுச்சு. ஒரேயடியா நீர் ஏறினா இதயம் தாங்காது. நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மூச்சுத் திணறும். ரொம்ப மெதுவா விட்டாலும் தப்பு. உடம்புக்கு வேண்டிய நீர் நேரத்துக்குப் போய்ச் சேராது.”

சிறுமி மறுபடியும் கேட்டாள். “42னு எப்படித் தெரியும்?”

நர்ஸ் ஒரு துண்டுத் தாளை எடுத்தார். கணக்கைப் போட்டுக் காட்டினார்.

பாட்டிலில் இருப்பது 500 மில்லி. நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இந்தக் குழாயில் 20 சொட்டு விழுந்தால் ஒரு மில்லி. அது குழாயின் உறையிலேயே அச்சிட்டிருக்கும்.

500 மில்லிக்கு எத்தனை சொட்டு? 500 × 20 = 10,000 சொட்டு.

நான்கு மணி நேரத்துக்கு எத்தனை நிமிடம்? 4 × 60 = 240 நிமிடம்.

10,000 சொட்டை 240ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42.

“இவ்வளவுதானா!” என்றாள் சிறுமி. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். “எனக்கும் நர்ஸ் ஆகணும்னு ஆசை. ஆனா எனக்குக் கணக்குன்னா பயம். அறிவியலும் கஷ்டம். அதனால பதினொண்ணாம் வகுப்புல வேற குரூப் எடுக்கலாம்னு இருக்கேன்.”

நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“அவசரப்பட்டு எடுக்காதே. எந்தக் குரூப் எடுக்கிறியோ, அதுக்குத் தக்கபடிதான் அப்புறம் கதவு திறக்கும்.”

அவர் சொன்னது உண்மை. நர்ஸ் படிப்பு கல்லூரியில் தொடங்குவதில்லை. பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. பல குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. தெரியும்போது இரண்டு ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

எந்தப் படிப்புக்கு எது தேவை?

இந்தியாவில் நர்ஸ் படிப்புக்கான விதிகளை வகுப்பது இந்திய நர்சிங் கவுன்சில். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது அமைந்தது. பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் சேர முக்கியமாக மூன்று படிப்புகள் இருக்கின்றன.

முதலாவது ஏ.என்.எம். இது இரண்டு ஆண்டுப் படிப்பு. இதைப் படித்தவர்கள் பெரும்பாலும் கிராமங்களில் பணி செய்கிறார்கள். தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது போன்றவை அவர்களுடைய வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் கலைப்பிரிவு படித்தவரும் இதில் சேரலாம். அறிவியல் படித்தவரும் சேரலாம்.

இரண்டாவது ஜி.என்.எம். இது மூன்று ஆண்டு டிப்ளமா. பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். 40 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அறிவியல் படித்திருந்தால் முன்னுரிமை கிடைக்கும்.

மூன்றாவது பி.எஸ்சி. நர்சிங். இது நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு. இதற்கு அறிவியல் கட்டாயம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் படித்திருக்க வேண்டும். அவற்றில் மொத்தம் 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மதிப்பெண்ணில் சலுகை உண்டு.

மூன்று படிப்புக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. சேரும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஜி.என்.எம்., பி.எஸ்சி. படிப்புகளில் ஆண்களும் சேரலாம்.

இடம் கொடுக்கும் முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். சில இடங்களில் நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். எய்ம்ஸ் நிறுவனம் பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்குத் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. அதிலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் கேள்விகள்தான் அதிகம்.

நர்சுக்கு இயற்பியல் எதற்கு?

“நோயாளியைப் பார்த்துக்கொள்ள இயற்பியல் எதற்கு?” என்று பலரும் கேட்கிறார்கள்.

சலைன் பாட்டிலை ஏன் உயரத்தில் தொங்கவிடுகிறார்கள்? மேல்நிலைத் தொட்டியை நினைத்துப் பார்த்தால் புரியும். தொட்டி உயரத்தில் இருந்தால்தான் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். உயரம் கூடினால் நீரின் அழுத்தம் கூடும். பாட்டிலும் அப்படித்தான். அதைக் கைக்குக் கீழே இறக்கினால் மருந்து உள்ளே போகாது. உடம்பிலிருந்து இரத்தம் குழாய்க்குள் ஏறிவிடும்.

இரத்த அழுத்தத்தை 120, 80 என்று சொல்கிறார்கள். அவை அழுத்தத்தின் அளவுகள். பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏறும் என்பதை வைத்து அவற்றைச் சொல்கிறார்கள். உடம்புச் சூட்டை அளப்பது வெப்பவியல். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறப்பது வாயுவின் அழுத்தம் பற்றிய பாடம். படுத்த நோயாளியை இடுப்பு வலி வராமல் தூக்கி உட்கார வைப்பதுகூட நெம்புகோல் பாடம்தான்.

வேதியியல் எதற்கு?

சலைன் என்பது உப்புத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ஏன் அந்த அளவு? ஏன் வெறும் தண்ணீரை ஏற்றக் கூடாது?

சமையலறையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கிறது. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் நீர் விட்டுச் சுருங்குகிறது. இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களும் இப்படித்தான். வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றினால் அவை ஊதி வெடித்துவிடும். உப்பு மிகுந்த நீரை ஏற்றினால் சுருங்கிப் போகும். 9 கிராம் என்பது அணுக்கள் ஊதாமலும் சுருங்காமலும் இருக்கும் அளவு.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் வேதியியல்தான். வெறும் உப்பை விட, சர்க்கரையோடு சேர்ந்த உப்பைக் குடல் எளிதாக உறிஞ்சும். அதோடு தண்ணீரும் உள்ளே போகும். அதனால்தான் இரண்டையும் கலக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் வகுத்த கலவையின்படி ஒரு லிட்டர் பொட்டலத்தில் 20.5 கிராம் தூள் இருக்கும். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டர் தண்ணீரில் கலக்கினால் கரைசல் இரு மடங்கு கெட்டியாகிவிடும். குழந்தைக்கு அது கெடுதல்.

வார்டைச் சுத்தம் செய்யப் பிளீச்சிங் பவுடரைப் பயன்படுத்துகிறார்கள். அதோடு அமிலத்தைக் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். இது தெரியாதவர் தனக்கும் பிறருக்கும் ஆபத்தை வரவழைத்துவிடுவார்.

உயிரியல் எதற்கு?

இதைச் சொல்லவே வேண்டியதில்லை. நர்ஸ் பார்த்துக்கொள்வது மனித உடம்பைத்தான்.

இதயத்தில் நான்கு அறைகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும். 72 முறை துடித்தால் ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் துடிப்பு. நாடி திடீரென்று 130 ஆனால் என்ன பொருள்? சிறுநீர் குறைந்தால் என்ன பொருள்? உதடு நீலம் பாய்ந்தால் என்ன பொருள்? டாக்டர் எப்போதும் பக்கத்தில் இருக்க மாட்டார். இரவெல்லாம் வார்டில் இருப்பவர் நர்ஸ்தான். ஆபத்தை முதலில் பார்ப்பவரும் அவர்தான். உடம்பு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் அது எப்போது தடுமாறுகிறது என்று தெரியும்.

கிருமிகளைப் பற்றிய அறிவும் உயிரியல் தருவதுதான். 1854இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் துருக்கியில் இருந்த போர் மருத்துவமனைக்குப் போனார். அங்கே போர்க் காயத்தால் இறந்தவர்களை விட நோயால் இறந்தவர்கள் அதிகம். காரணம் அழுக்கு, நெரிசல், கெட்ட தண்ணீர். சாக்கடைகளைச் சுத்தம் செய்த பிறகு 1855இல் சாவு வெகுவாகக் குறைந்தது. நைட்டிங்கேல் விளக்கை மட்டும் ஏந்தவில்லை. கணக்கையும் ஏந்தினார். எத்தனை பேர், எதனால் இறந்தார்கள் என்பதைப் படம் போட்டு அரசுக்குக் காட்டினார்.

கணக்குப் பிழைத்தால் மருந்து நஞ்சு

ஒரு குழந்தை. எடை 10 கிலோ. காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். அப்படியானால் 10 × 15 = 150 மில்லிகிராம்.

மருந்து திரவமாக இருக்கிறது. ஒரு பாட்டிலில் “5 மில்லியில் 125 மில்லிகிராம்” என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது ஒரு மில்லியில் 25 மில்லிகிராம். எனவே குழந்தைக்கு 6 மில்லி கொடுக்க வேண்டும்.

அதே மருந்து இன்னொரு பாட்டிலிலும் வருகிறது. அதில் “5 மில்லியில் 250 மில்லிகிராம்” என்று இருக்கிறது. இதிலும் 6 மில்லி கொடுத்தால் என்ன ஆகும்? குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போய்விடும்.

பாட்டில் ஒரே மாதிரி இருக்கலாம். நிறமும் ஒரே மாதிரி இருக்கலாம். எண்தான் வேறு. அந்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். கணக்குப் போடத் தெரிய வேண்டும்.

புள்ளியும் அப்படித்தான். 0.5 என்பது வேறு. 5 என்பது வேறு. புள்ளியைப் பார்க்காமல் விட்டால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

இதற்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை. பெருக்கல், வகுத்தல், பின்னம், தசமம், விழுக்காடு, விகிதம் தெரிந்தால் போதும். ஒரு கிராமுக்கு 1,000 மில்லிகிராம். ஒரு லிட்டருக்கு 1,000 மில்லி. இவை தூக்கத்திலும் நினைவில் இருக்க வேண்டும். இவை எல்லாம் பத்தாம் வகுப்புக்குள் படித்தவையே.

வேறு குரூப் எடுத்தவர் என்ன செய்வது?

மருத்துவமனையிலிருந்து வந்ததும் தாய் இந்தச் செய்தியைப் பக்கத்து வீட்டில் சொன்னார். அங்கே ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பை வரலாற்றுப் பிரிவில் முடித்தவள். “அப்போ எனக்கு வழியே இல்லையா அக்கா?” என்று அவள் கேட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது.

வழி இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு.

முதல் வழி ஏணி போன்றது. ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். படிப்பில் சேரலாம். ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் ஜி.என்.எம். படிக்க விண்ணப்பிக்கலாம். ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் மேலும் இரண்டு ஆண்டுகள் படித்து பி.எஸ்சி. பட்டம் பெறலாம். அதற்குப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் என்று பெயர்.

இரண்டாவது வழி திறந்தநிலைப் பள்ளி. 1989இல் மத்திய அரசு தேசியத் திறந்தநிலைப் பள்ளியைத் தொடங்கியது. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் அதில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். மேல் வயது வரம்பு இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களை எடுக்கலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே தேர்வில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். பகலில் வேலை செய்து இரவில் படிப்பவர்களுக்கு இது ஏற்றது. ஆனால் செய்முறை வகுப்புக்குக் கட்டாயம் போக வேண்டும். சேர நினைக்கும் நர்சிங் கல்லூரி இந்தச் சான்றிதழை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

விடுமுறையில் என்ன செய்யலாம்?

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் இடையே சில வாரங்கள் கிடைக்கும். நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதலில், ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களை மறுபடி படிக்க வேண்டும். இதயம், நுரையீரல், சிறுநீரகம், செரிமானம், கிருமிகள், அமிலமும் காரமும், அழுத்தம், வெப்பம் ஆகிய பாடங்கள் முக்கியம்.

இரண்டாவது, படம் வரைய வேண்டும். இதயத்தைப் பார்க்காமல் வரைந்து பெயர் எழுதிவிட்டால் அது மறக்காது.

மூன்றாவது, நாள்தோறும் ஐந்து கணக்குப் போட வேண்டும். கிராமை மில்லிகிராமாக மாற்றுவது, சொட்டுக் கணக்கு, மருந்தின் அளவு போன்றவை போதும்.

நான்காவது, சொல் நோட்டு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். நர்சிங் கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்கள் முதல் ஆண்டில் திணறுவது அறிவு இல்லாமல் அல்ல, சொல் தெரியாமல்தான். நோட்டின் ஒரு பக்கம் தமிழ்ச் சொல். மறுபக்கம் ஆங்கிலச் சொல். இதயம், ஹார்ட். நுரையீரல், லங்ஸ். சிறுநீரகம், கிட்னி. கல்லீரல், லிவர். எலும்பு, போன். தசை, மசில். நாளுக்கு ஐந்து சொல் எழுதினால் ஓர் ஆண்டில் ஆயிரத்து எண்ணூறு சொல்லுக்கு மேல் சேர்ந்துவிடும்.

இதில் பெற்றோருக்கும் வேலை உண்டு. அந்தத் தாய் அதைத்தான் செய்தார். மாலையில் வேலை விட்டு வந்ததும் மகளின் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொள்வார். மகள் பார்க்காமல் சொல்வாள். தாய் எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்ப்பார். “நுரையீரல்ல காற்று மாறுது, சரி. எந்தக் காற்று உள்ளே போகுது, எந்தக் காற்று வெளியே வருது, அதைச் சொல்லு” என்று கேட்பார். மகள் மட்டுமா படித்தாள்? தாயும் சேர்ந்து படித்தார்.

பணம் கட்டும் முன்

“சீட் வாங்கித் தருகிறேன்” என்று சொல்லித் தரகர்கள் வருவார்கள். நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் பல. கல்லூரிக்கு ஒப்புதல் இல்லை என்றால், படித்து முடித்தாலும் நர்சாகப் பதிவு செய்ய முடியாது. பணமும் போகும். ஆண்டுகளும் போகும்.

எனவே சேரும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும். மாநில நர்சிங் கவுன்சில் அந்தக் கல்லூரிக்கு ஒப்புதல் தந்திருக்கிறதா? இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா? இந்தப் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. பள்ளி ஆசிரியரிடமோ நூலகரிடமோ கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்க வேண்டும். அசல் சான்றிதழைத் தரகர் கையில் கொடுக்கக் கூடாது.

படிவத்தில் ஒரு வரி

தேர்வு முடிவு வந்தது. மகள் தேறிவிட்டாள். பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். மகள் நிரப்பினாள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

முன்பெல்லாம் அந்தத் தாய் காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பார். இப்போது பேனாவை எடுத்தார். ஆனால் உடனே கையெழுத்துப் போடவில்லை. படிவத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். “விரும்பும் பாடப்பிரிவு” என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம்” என்று எழுதியிருந்தது.

“கணக்குமா?” என்றார் தாய்.

“சொட்டு எண்ணணுமே அம்மா!” என்றாள் மகள்.

தாய் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பேசிப் பாருங்கள்

1. சலைன் பாட்டிலை ஏன் உயரத்தில் தொங்கவிடுகிறார்கள்?

2. பி.எஸ்சி. நர்சிங் படிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடங்கள் படித்திருக்க வேண்டும்?

3. 500 மில்லி சலைனை 5 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். 20 சொட்டுக்கு ஒரு மில்லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும்?

4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு மருந்துப் பாட்டிலை எடுங்கள். அதில் 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் மருந்து என்று அச்சிட்டிருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்.

5. உங்கள் ஊரில் நர்ஸ் படிக்க விரும்பும் பிள்ளைகள் யார்? அவர்கள் எந்தக் குரூப் எடுக்கிறார்கள்? கேட்டுப் பாருங்கள்.